கூலியில் சேராத நேரம்

தென்கொரியாவில் பார்சல் கொண்டுவரும் ஓட்டுநர்களில் பெரும்பாலானோருக்கு மாதச் சம்பளம் கிடையாது. ஏட்டில் அவர்கள் சுயதொழில் செய்பவர்கள். பார்சல் ஒன்றுக்கு 700, 800 வோன் கிடைக்கும். நம் பணத்தில் ஐம்பது ரூபாய்க்குள். வண்டிச் செலவும் அவர்கள் தலையில்தான்.

2022-க்கு முன்பு அவர்கள் காலை 7 மணிக்கே கிடங்கில் இருக்க வேண்டியிருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் பெல்ட்டின் முன் நின்று, தன் தெருக்களுக்கான பெட்டிகளைப் பார்த்துப் பார்த்து எடுத்து, வேனில் அடுக்க வேண்டியிருந்தது. பல நாள் இதிலேயே மதியம் ஆகிவிட்டது. இந்த வேலைக்குத் தம்பிடி கிடைக்கவில்லை. பெட்டி வாசலுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் காசு.

2020-ல் கொரோனா வந்ததும் பார்சல்கள் குவிந்தன. அந்த ஓராண்டில் பத்துக்கும் மேற்பட்ட ஓட்டுநர்கள் வேலைப்பளுவால் மாண்டதாகத் தொழிற்சங்கம் கூறியது. அவர்களில் ஒருவர், இறப்பதற்குச் சில நாள் முன்பு, விடியற்காலை நான்கு மணிக்குமேல் சக ஊழியருக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார். 420 பார்சல், வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக் குளித்துவிட்டு, தூங்காமலே மறுபடி பெட்டிகளை வகை பிரிக்க வர வேண்டும், உடம்பு தாங்கவில்லை என்று.

போராட்டங்களுக்குப் பிறகு, 2021 ஜூனில் அரசும் நிறுவனங்களும் சங்கமும் உடன்பாட்டுக்கு வந்தன. வாரத்துக்கு 60 மணி நேரம்தான் வேலை. 2022 முதல் பெட்டிகளை வகை பிரிப்பது நிறுவனத்தின் பொறுப்பு. இதற்கும் ஓட்டுநர்களின் காப்பீட்டுக்கும் சேர்த்து ஆகும் செலவு பார்சலுக்கு 170 வோன் என்று கணக்கிட்டார்கள். பதினோரு ரூபாய்! இந்தப் பதினோரு ரூபாயை யாரும் கொடுக்க முன்வராததால்தான் அத்தனை பேர் அரை நாளை இலவசமாக உழைத்துத் தீர்த்தார்கள்.

ஆனால் 'கூபாங்' என்ற இணைய விற்பனை நிறுவனம் அந்த உடன்பாட்டில் சேரவில்லை. அங்கே நள்ளிரவுக்குள் ஆர்டர் செய்தால் காலை 7 மணிக்குள் பொருள் வாசலில் இருக்கும். 2024-ல் அதன் ஒப்பந்த ஓட்டுநர் ஒருவர் இறந்தார். பணியால் நேர்ந்த மரணம் என்று அது அங்கீகரிக்கப்பட்டது. 2025-ல், நள்ளிரவு 12 முதல் 5 மணி வரை டெலிவரி வேண்டாம் என்று சங்கம் கேட்டது. நுகர்வோர் எதிர்த்தார்கள், இரவில் கூலி கூடுதல் என்பதால் ஓட்டுநர்களிலும் பலர் எதிர்த்தார்கள். பகல் கூலி குடும்பத்துக்குப் போதுமானால், இரவுத் தூக்கத்தை யார் விற்பார்கள்?

நம்மூரிலும் டெலிவரி ஊழியர்களுக்குப் பெரும்பாலும் ஆர்டர் கணக்கில்தான் கூலி. கடை வாசலில் காத்திருக்கும் நேரம் பெரும்பாலும் கணக்கில் வராது. அந்த நேரத்துக்கும் அவர்கள் கூலி கேட்டுத் தெருவில் இறங்கும்போது, பத்து ரூபாய் கூடுமே என்று முகம் திருப்பாமல் அவர்கள் பக்கம் நில்லுங்கள்.