‘அவனாகத்தான் வந்து சேர்ந்தான்’ என்ற வாதம் ஹேக்கில் செல்லாது

சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் தன் முதல் தீர்ப்பை 2012 மார்ச் 14 அன்று ஹேக் நகரில் வழங்கியது. குற்றவாளி தாமஸ் லுபாங்கா. காங்கோ ஜனநாயகக் குடியரசின் இடூரி பகுதியில் ஆயுதக் குழு நடத்தியவர். குற்றப்பத்திரிகையில் கொலையும் இல்லை, வன்புணர்வும் இல்லை. 15 வயது நிரம்பாத சிறாரைப் படையில் சேர்த்துச் சண்டையில் ஈடுபடுத்தினார் என்பது மட்டுமே வழக்கு. 14 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது.

இதைப் போர்க்குற்றம் என்கிறது, 2002 ஜூலையில் நடைமுறைக்கு வந்த, இந்த நீதிமன்றத்தின் அடிப்படை ஒப்பந்தமான ரோம் சாசனம். பிடித்துவந்து சேர்ப்பது குற்றம். தானாக வருபவரைச் சேர்த்துக்கொள்வதும் குற்றம். சண்டையில் ஈடுபடுத்துவது இன்னொரு குற்றம். தளபதிகள் ஒளிந்துகொள்ளப் பார்ப்பது இரண்டாவதில்தான். தாய் தகப்பனை இழந்து, சோற்றுக்கு வழியின்றி முகாமுக்கு வரும் 13 வயதுப் பையனை ‘விரும்பி வந்தான்’ என்று சொல்லிவிடுவது எளிது. அந்த விருப்பம் தளபதியைக் காப்பாற்றாது என்று லுபாங்கா தீர்ப்பு தெளிவாக்கியது.

நிரூபிப்பதுதான் பெரும்பாடு. பிறப்புச் சான்றிதழ் அரிதான ஊரில் வயதை எதை வைத்து முடிவுசெய்வது? முன்னாள் சிறார் வீரர்கள் என்று கூண்டேறியவர்களில் பெரும்பாலானோரின் சாட்சியத்தை நீதிபதிகள் ஏற்கவில்லை. வழக்குத் தொடுத்த தரப்பு நம்பியிருந்த உள்ளூர் இடையாட்கள் சிலர் பொய் சொல்லத் தூண்டியிருக்கலாம் என்ற ஐயம். கடைசியில் கைகொடுத்தவற்றுள் முக்கியமானது ஒரு வீடியோ. 2003 பிப்ரவரியில் ருவாம்பரா பயிற்சி முகாமில் லுபாங்கா உரையாற்றுகிறார். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் சிலருக்கு 15 ஆகவில்லை என்பது பார்த்தாலே தெரிகிறது.

ஏன் 15? 2000-ல் வந்த ஐ.நா. விருப்ப நெறிமுறை, ஆயுதக் குழுக்கள் 18 வயதுக்குட்பட்ட யாரையும் சேர்க்கக் கூடாது என்கிறது. ஆனால் ஹேக்கில் தண்டிக்கத்தக்க குற்றத்தின் எல்லை இன்னும் 15-தான். 16 வயதுப் பெண் கையில் துப்பாக்கியைத் திணிப்பது தடைசெய்யப்பட்ட செயல், ஆனால் அங்கே இந்தப் பிரிவின்கீழ் வழக்காகாது. இந்த இடைவெளி எனக்கு உறுத்துகிறது. அரசுகளுக்கு உறுத்தவில்லை போலும். பிரிட்டன் இன்றும் 16 வயதில் ராணுவத்துக்கு ஆள் எடுக்கிறது.

இலங்கையில் விடுதலைப் புலிகளும், பின்னர் அவர்களிடமிருந்து பிரிந்த கருணா அணியும் சிறாரைச் சேர்த்ததை ஐ.நா. அறிக்கைகள் பதிவுசெய்துள்ளன. இலங்கை ரோம் சாசனத்தில் சேராததால் அது இந்த நீதிமன்றத்துக்குப் போகவில்லை. இந்தியாவும் சேரவில்லை.

சட்டம் உண்மையிலேயே திணறியது உகாண்டாவின் டொமினிக் ஆங்வென் வழக்கில். ஏறக்குறைய 9 வயதில், பள்ளிக்குப் போகும் வழியில், ஜோசப் கோனியின் கிளர்ச்சிப் படையால் கடத்தப்பட்டவர் அவர். வளர்ந்து, அதே படையில் பிரிகேட் தளபதியாகி, பிறர் பிள்ளைகளைக் கடத்தினார். 18 வயதுக்கு முன் செய்ததற்கு இந்த நீதிமன்றம் யாரையும் விசாரிக்காது. ஆங்வென் மீதான குற்றங்களோ 2002 முதல் 2005 வரை, இருபதுகளில் இருந்தபோது நடந்தவை. மனநோய், மிரட்டலுக்கு அஞ்சிச் செய்தது என்ற வாதங்கள் நிராகரிக்கப்பட்டன. 2021-ல் 61 குற்றங்கள் உறுதியாயின. பாதிக்கப்பட்டோரின் வழக்கறிஞர்கள் ஆயுள் தண்டனை கேட்டார்கள். கடத்தப்பட்ட குழந்தைப் பருவத்தைக் கணக்கில் எடுத்து 25 ஆண்டு விதித்தது நீதிமன்றம். இது சரியான நடுவழி என்றே நினைக்கிறேன்: குற்றத்தைக் குறைக்கவில்லை, தண்டனையைக் குறைத்தது.

2024-ல் சுமார் 50,000 பேருக்கு 5.2 கோடி யூரோவுக்கு மேல் இழப்பீடு அறிவிக்கப்பட்டது. தனிநபருக்கு 750 யூரோ. ஆங்வெனிடம் பணமில்லை. நீதிமன்றத்தின் பாதிக்கப்பட்டோர் அறக்கட்டளை நிதிதான் நன்கொடை திரட்டிக் கொடுத்தாக வேண்டும்.