காசு போட்டு, குழி தோண்டி... தெருச் சாக்கடையைத் தாங்களே கட்டிய கராச்சி மக்கள்!

வீட்டுக் கழிவறையில் ஒரு வாளி. நான்கைந்து நாளைக்கு ஒருமுறை ஆள் வந்து எடுப்பார். எடுத்ததைக் கொட்டுவது பெரும்பாலும் அதே தெருவில். குழந்தைகள் விளையாடுவதும் அங்கேதான். 1980-ல் பாகிஸ்தானின் கராச்சி நகர ஓரத்தில் இருந்த ஒராங்கி குடியிருப்பின் நிலை இது.

அந்த ஆண்டு அங்கே வந்தார் அக்தர் ஹமீது கான். ஐ.சி.எஸ் பதவியை உதறிவிட்டு, பூட்டுத் தொழிலாளியாக வேலை பார்த்த மனிதர்! தெருத்தெருவாக நடந்து பேசினார். சாக்கடை எல்லோருக்கும் வேண்டும். ஆனால், அரசு இலவசமாகப் போட்டுத்தர வேண்டும் என்று காத்திருந்தார்கள். அரசோ வருவதாக இல்லை.

அவர் தொடங்கிய ‘ஒராங்கி பைலட் புராஜெக்ட்’ பணம் தரவில்லை. ஒரு தெருவில் இருக்கும் 20, 30 வீடுகள் ஒன்று சேர வேண்டும். தங்களில் ஒருவரைப் பொறுப்பாளராகத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதன் பிறகுதான் அளவு எடுக்க ஆள் வருவார். வரைபடம், செலவுக் கணக்கு, கருவிகள், கலவை போடும் பயிற்சி எல்லாம் கிடைக்கும். காசு வசூல், வேலை இரண்டும் தெருக்காரர்கள் பொறுப்பு. யார் வீட்டு வாசலில் தோண்டுவது என்ற சண்டையையும் அவர்களே தீர்த்துக்கொள்ள வேண்டும்!

ஒப்பந்தக்காரர் லாபமும் லஞ்சமும் இல்லை. ஆரம்ப ஆண்டுகளில், வீட்டுக்குச் சுமார் 1,000 பாகிஸ்தான் ரூபாயில் கழிவறையும் தெருச் சாக்கடையும் முடிந்தன. கழிவறைக்கும் குழாய்க்கும் நடுவே சின்னத் தொட்டி ஒன்று வைத்தார்கள். திடக்கழிவு அதிலேயே தங்கிவிடுவதால் குழாய் அடைக்காது. பிற்காலத்தில் 90,000-க்கும் மேற்பட்ட வீடுகள் இப்படி இணைந்தன.

வசதியான பகுதிக்கு மாநகராட்சி போட்டுத்தரும் சாக்கடைக்கு ஏழை மட்டும் ஏன் கைக்காசு போட வேண்டும்? நியாயமான கேள்விதான். வீடும் தெருவும் மக்கள் பொறுப்பு. பிரதானக் கால்வாயும் சுத்திகரிப்பு நிலையமும் அரசின் பொறுப்பு என்று பிரித்தது அந்தத் திட்டம். அரசைக் கேட்கக் கையில் ஆதாரம் வேண்டுமே? அதற்குத்தான் வரைபடங்கள்.

அந்தப் பணியை முன்னின்று நடத்தியவர், கட்டடக் கலைஞர் பர்வீன் ரஹ்மான். எந்தக் கால்வாய் எங்கே போகிறது என்பதோடு, குடிநீரைத் திருடி டேங்கர்களில் விற்கும் இடங்களையும் அவர் பதிவு செய்தார். 2013 மார்ச் 13 அன்று, காரில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார்.