டயட்டில் இருக்கிறீர்களா? காய்கறியின் கலோரியையும் கணக்கில் சேர்க்க வேண்டுமா?

மொபைலில் கலோரி ஆப் ஒன்றை இறக்கிக்கொண்டு எடையைக் குறைக்கக் கிளம்பும் பலருக்கும் முதல் வாரத்திலேயே இந்தச் சந்தேகம் வந்துவிடும். காலையில் சாப்பிட்ட 3 இட்லியை எழுதியாச்சு. மதியம் சாதத்தையும் சாம்பாரையும் எழுதியாச்சு. கூட வைத்த புடலங்காய் பொரியலையும் எழுதணுமா? தட்டு ஓரத்தில் இருந்த 4 துண்டு வெள்ளரிக்குக்கூட கணக்கா?

டயட் இருப்பவர்களில் இதற்கு இரண்டு கட்சி உண்டு. "காய் எவ்வளவு சாப்பிட்டாலும் வெயிட் போடாது, கணக்கே வேண்டாம்" என்பது ஒரு கட்சி. "வாய்க்குள் போகிற எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கணும்" என்பது இன்னொன்று. இரண்டு பக்கமும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் எந்தக் காய், அது எப்படிச் சமைக்கப்பட்டது என்பதைப் பார்க்காமல் பதில் சொல்ல முடியாது.

காயில் அப்படி எவ்வளவுதான் கலோரி இருக்கு?

ரொம்பக் குறைவு. 100 கிராம் வெள்ளரிக்காயில் சுமார் 15 கலோரி. சுரைக்காய், முள்ளங்கி, தக்காளி எல்லாமே கிட்டத்தட்ட 15 முதல் 20-க்குள் வரும். முட்டைக்கோஸ், கத்தரிக்காய், காலிஃப்ளவர் ஆகியவை 25 பக்கம். பீன்ஸ், வெண்டைக்காய் 30-ஐ ஒட்டி. கேரட், பீட்ரூட் கொஞ்சம் இனிப்பு என்பதால் 40-ஐத் தாண்டும்.

காரணம் எளிது. இந்தக் காய்களில் பெரும்பாலானவற்றில் 90 சதவீதமோ அதற்கு மேலோ தண்ணீர்தான். மீதியிலும் ஒரு பகுதி நார்ச்சத்து. நம் உடம்பு அதிலிருந்து எடுத்துக்கொள்ளும் சக்தி, சர்க்கரையிலிருந்தோ மாவிலிருந்தோ எடுப்பதைவிடக் குறைவு. ஒரு கிலோ வெள்ளரியை உட்கார்ந்து தின்றாலும் 150 கலோரிதான் ஆகும். ஒரு கைப்பிடி வேர்க்கடலையிலேயே அவ்வளவு வந்துவிடும்.

இப்போது ஒரு நாள் கணக்கைப் பார்ப்போம். ஐசிஎம்ஆரின் கீழ் ஹைதராபாத்தில் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், நாளுக்கு 2,000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு கீரையையும் சேர்த்து 400 கிராம் காய்கறியைப் பரிந்துரைக்கிறது. 150 கிராம் பீன்ஸ், 100 கிராம் முட்டைக்கோஸ், 50 கிராம் கேரட், தக்காளியும் வெங்காயமும் சேர்த்து 100 கிராம் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் சுமார் 120 கலோரி. அதாவது இரண்டு, இரண்டரை இட்லி அளவு. அதுவும் 400 கிராமை முழுசா சாப்பிட்டால்தான். நம்மில் எத்தனை பேர் சாப்பிடுகிறோம் என்பது வேறு கதை.

இந்த 120 சின்ன எண்ணா, பெரிய எண்ணா? தினமும் 500 கலோரி குறைவாகச் சாப்பிட வேண்டும் என்று திட்டம் போட்டவருக்கு அது அந்தக் குறைப்பில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. அதனால் "காய்க்கு கலோரியே கிடையாது" என்பது தப்பு. ஆனால் எடை குறையாமல் நிற்பதற்கு இதுதான் காரணமா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை.

வில்லன் வாணலியில் இருக்கு

நம் வீட்டில் காய் தனியாக வருவதில்லை. கடுகு, உளுத்தம்பருப்பு, எண்ணெய், தேங்காய்ப்பூ என்று ஒரு கூட்டத்தோடுதான் தட்டுக்கு வருகிறது. அங்கேதான் கணக்கு மாறுகிறது.

4 பேருக்கு பீன்ஸ் பொரியல் என்று வைத்துக்கொள்வோம். 400 கிராம் பீன்ஸில் சுமார் 125 கலோரி. தாளிக்க 3 டேபிள்ஸ்பூன் எண்ணெய் என்றால் அதுவே 360. அரை கப் தேங்காய்த் துருவல், சுமார் 40 கிராம், 140. ஒரு டீஸ்பூன் உளுத்தம்பருப்புக்கு இன்னும் 15 சொச்சம். மொத்தம் 640. ஆளுக்கு 160 கலோரி வருகிறது. அதில் பீன்ஸின் பங்கு 31 மட்டுமே. ஆப்பில் "பீன்ஸ், 100 கிராம்" என்று அடித்துவிட்டு நகர்ந்தால், சாப்பிட்டதில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் எழுதியிருக்கிறீர்கள்.

எந்த எண்ணெயானாலும் இதே கதைதான். நல்லெண்ணெய், செக்கு எண்ணெய், ஆலிவ் ஆயில் எல்லாவற்றுக்கும் கிராமுக்கு 9 கலோரி. உடம்புக்கு நல்லது கெட்டது என்ற பேச்சு வேறு. கலோரியில் சலுகை எதற்கும் கிடையாது.

எண்ணெய் கத்தரிக்காய், வாழைக்காய் வறுவல், பஜ்ஜி இவற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கத்தரிக்காயின் சதை ஸ்பாஞ்ச் மாதிரி எண்ணெயை உறிஞ்சும். அவியலில் தேங்காய், தேங்காய் எண்ணெய், தயிர் மூன்றும் சேர்கின்றன. கூட்டில் பருப்பு. ஹோட்டல் வெஜிடபிள் குருமாவில் தேங்காயோடு முந்திரியும் அரைத்துச் சேர்ப்பதுண்டு. சாலட் என்று சொல்லி மேலே ஒரு டேபிள்ஸ்பூன் மயோனைஸ் போட்டால், கீழே இருக்கும் காய் முழுவதையும்விட அந்த ஒரு ஸ்பூனுக்கு கலோரி அதிகமாக இருக்கலாம்.

தாளிக்கும்போது ஊற்றியதை யார் அளந்தார்கள் என்று கேட்கலாம். நியாயம்தான். அதற்கு ஒரு சுலப வழி: மாதத்துக்கு வீட்டுக்கு எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறீர்கள் என்று பாருங்கள். 4 பேர் உள்ள வீட்டில் மாதம் 4 லிட்டர் தீர்ந்தால், ஒவ்வொருவர் வயிற்றுக்கும் தினமும் சுமார் 275 கலோரி எண்ணெயாகவே போகிறது. ஊட்டச்சத்து நிறுவனம் அதே 2,000 கலோரி தட்டுக்குச் சொல்லும் அளவு நாளுக்கு 27 கிராம் எண்ணெய், கொழுப்பு. 4 பேருக்கு மாதம் மூன்றரை லிட்டர் அளவில் வரும். பொரித்து மிச்சமானதைக் கொட்டுவது, வெளியில் சாப்பிடுவது என்று இதில் கூடக்குறைய இருக்கும். இருந்தாலும் வெள்ளரித் துண்டுகளை எண்ணுவதைவிட இந்தக் கணக்கு பிரயோஜனமானது.

மறந்துபோகும் பாதி

1992-ல் நியூயார்க் ஆராய்ச்சியாளர்கள் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். "ரொம்பக் குறைவாகத்தான் சாப்பிடுகிறேன், ஆனாலும் எடை குறையவில்லை" என்று சொன்ன 10 பேரை அதில் கவனித்தார்கள். அவர்கள் உடம்பு சக்தியைச் செலவழிப்பதில் குறை எதுவும் தெரியவில்லை. ஆனால் எழுதிக்கொடுத்த கணக்கு நாளுக்கு சுமார் 1,000 கலோரி. அளந்து பார்த்தால் உண்மையில் சாப்பிட்டது சுமார் 2,000. அவர்கள் பொய் சொன்னார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. கையால் அள்ளியது, ருசி பார்த்தது, அளவைக் குத்துமதிப்பாகப் போட்டது என எல்லோருக்கும் இது நடக்கும்.

காணாமல்போன அந்த 1,000 கலோரி வெள்ளரிக்காயிலிருந்து வரவேண்டும் என்றால் தினமும் ஆறரை கிலோவுக்கு மேல் சாப்பிட்டிருக்க வேண்டும்!

இவை பெயருக்குத்தான் காய்

காய்கறிக் கடையில் ஒரே கூடையில் வாங்கினாலும், கிழங்குகளைக் கட்டாயம் கணக்கில் எழுதணும். 100 கிராம் உருளைக்கிழங்கில் 77 கலோரி, சர்க்கரைவள்ளியில் 86. சேப்பங்கிழங்கு 110 பக்கம் போகும். மரவள்ளிக்கிழங்கு 160, சோற்றில்கூட 100 கிராமுக்கு 130 கலோரிதான். பச்சைப் பட்டாணி, ஸ்வீட் கார்ன் இரண்டும் 80-க்கு மேல். வாழைக்காயும் மாவுச்சத்து கோஷ்டிதான். உலக சுகாதார நிறுவனம்கூட, தினமும் குறைந்தது 400 கிராம் காய், பழம் சாப்பிடச் சொல்லும்போது உருளை, மரவள்ளி, சர்க்கரைவள்ளி போன்ற கிழங்குகளை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

உருளைக்கிழங்கு மேல் ஒரு அபாண்டமும் உண்டு. வேகவைத்த உருளை, அதே எடை சோற்றைவிடக் கலோரி குறைவு. அதையே சிப்ஸாக்கினால் 100 கிராமுக்கு 500-ஐத் தாண்டும். சோற்றுக்குப் பதிலாக வேகவைத்த கிழங்கு என்றால் பிரச்னை இல்லை. சோறும் வேணும், தொட்டுக்க உருளை வறுவலும் வேணும் என்றால்தான் சிக்கல்.

சாப்பிட்டால் கலோரி மைனஸ் ஆகுமா?

வெள்ளரி, செலரி மாதிரி காய்களைச் செரிக்க உடம்பு செலவழிக்கும் சக்தி, அவற்றில் இருப்பதைவிட அதிகம் என்று ஒரு பேச்சு சுற்றுகிறது. இல்லை. நாம் சாப்பிடும் கலப்பான உணவைச் செரிக்க ஆகும் செலவு, அதில் இருக்கும் கலோரியில் 10 சதவீத அளவுதான். புரதத்துக்கு அது 20 முதல் 30 சதவீதம் வரை போகலாம். காயில் புரதம் குறைவு. ஆக மைனஸ் எல்லாம் கிடையாது, கொஞ்சம் பிளஸ்தான்.

காயின் உண்மையான உதவி வேறு. தட்டில் இடத்தையும் வயிற்றில் இடத்தையும் அது பிடித்துக்கொள்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்பரா ரோல்ஸ் பல ஆண்டுகளாக ஆய்வு செய்து வருவது இதைத்தான்: கிராமுக்குக் கலோரி குறைந்த உணவை நிறையச் சாப்பிட்டால், மொத்தக் கலோரி குறைந்தாலும் வயிறு நிறைகிறது. ஆனால் ஒரு கப் சோற்றுக்குப் பதிலாகக் காய் வந்தால்தான் இந்த லாபம். சோறு அப்படியே இருந்து மேலே காயும் சேர்ந்தால், கூட்டல் கணக்குதான்.

அப்போ என்னதான் செய்வது?

பச்சையாகவோ, வேகவைத்தோ, நீராவியிலோ சாப்பிடும் நீர்க்காய், கீரைக்குத் தனித்தனியாக எழுத வேண்டியதில்லை என்பதே எங்கள் பக்கம். அதற்குப் பதில் ஆப்பில் "காய்கறி, 100 கலோரி" என்று தினமும் ஒரே வரி போட்டுவிடுங்கள். நிஜத்தில் 70 ஆகவோ 130 ஆகவோ இருக்கலாம். ஆப்பில் இருக்கும் எண்களே சராசரிதான். உங்களுக்கு நாளுக்கு இத்தனை கலோரி தேவை என்று அது காட்டும் எண்ணும் ஒரு மதிப்பீடுதான். 30 கலோரி வித்தியாசம் அதில் கரைந்துவிடும். எண்ணெய், தேங்காய், பருப்பு, கிழங்கு, பட்டாணி இவற்றை மட்டும் விடாமல் எழுதுங்கள்.

எல்லாவற்றையும் எழுதியே தீருவேன் என்பவர்களுக்கு ஒரு விஷயம். எடையைச் சமைக்கும் முன்பே பாருங்கள். ஒரு கட்டு கீரை வெந்ததும் ஒரு கரண்டியாகச் சுருங்கிவிடும். போவது தண்ணீர், கலோரி அல்ல. பச்சையாக அளந்ததை ஆப்பில் "வெந்தது" என்ற வரியில் போட்டாலோ, மாற்றிப் போட்டாலோ கணக்கு தப்பும்.

கலோரி மிச்சம் பிடிக்கிறேன் என்று காயையே குறைப்பவர்களும் இருக்கிறார்கள். சாதத்தில் கை வைக்க மனசு வராது, ஆனால் எழுத சோம்பலாக இருக்கும் கூட்டு தட்டை விட்டுப் போய்விடும். 30 கலோரியை மிச்சம் பிடித்து, வயிறு நிரம்பாமல், 4 மணிக்கு 2 சமோசாவில் போய் முடியும் டயட் இது. கணக்கு எழுதும் தொல்லைதான் காயைத் தவிர்க்கக் காரணம் என்றால், காய்க்கு எழுதுவதை இன்றே நிறுத்திவிடுவது நல்லது.

சிலருக்கு மேலே சொன்னது அப்படியே பொருந்தாது. சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்களுக்குக் காயில் இருக்கும் பொட்டாசியம்தான் கவலை. எந்தக் காய், எவ்வளவு என்பதை டாக்டரிடம் கேட்டுத்தான் முடிவு செய்யணும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள், டயட் என்று கீரையைத் திடீரெனக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அதில் உள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைப் பாதிக்கும். இன்சுலின் போடுபவர்கள் கிழங்கு, பட்டாணி, கார்ன் மூன்றையும் மாவுச்சத்தாகவே எண்ண வேண்டும். ஒரு துண்டு கேரட்டை எழுத மறந்ததற்குக்கூட குற்ற உணர்ச்சி வருகிறது, சாப்பாட்டு நேரமே பயமாக இருக்கிறது என்றால், ஆப்பை மூடிவிட்டு மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ பேசுங்கள். வளரும் பிள்ளைகள் உங்களைப் பார்த்து கலோரி எண்ணத் தொடங்கினாலும் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.