‘அரைச்சதெல்லாம் எனக்கு வேணாம்!’ - விழுங்கச் சிரமப்படுபவர்கள் மறுத்தால் என்ன செய்வது?

பக்கவாதம், பார்கின்சன், மறதி நோய், தொண்டைப் புற்றுநோய்... இவற்றால் பாதிக்கப்பட்ட பலருக்கு விழுங்குவது சிரமமாகிவிடும். உணவோ தண்ணீரோ மூச்சுக்குழாய்க்குள் போனால் நிமோனியா வரலாம். அதனால்தான் ‘மசித்துக் கொடுங்கள், தண்ணீரைக் கெட்டியாக்கிக் கொடுங்கள்’ என்கிறார்கள் மருத்துவர்கள். இரண்டு நாள் சாப்பிடுவார். மூன்றாம் நாள் தட்டைத் தள்ளிவிடுவார்.

மலைச் சாப்பாட்டில் எது சிக்கல்?

ஜவ்வாதுமலையில் சாமைச் சோறு, கேழ்வரகுக் களி, கஞ்சி எல்லாம் அன்றாட உணவு. மூன்றிலுமே கவனம் தேவை. சாமைச் சோறு உதிரியாக இருந்தால் தொண்டையில் சிதறும். களியை மெல்லாமல் உருட்டி விழுங்குவதுதான் பழக்கம். ஒட்டும் தன்மையால் அது அடைத்துக்கொள்ளலாம். கஞ்சியில் நீர் முதலில் ஓடிவிடும், பருக்கை பின்தங்கும்.

அதற்காக இவற்றை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. சாமையைக் குழைய வேகவைத்துப் பருப்போடு மசிக்கலாம். கேழ்வரகைக் கட்டியில்லாத கூழாக்கலாம். கஞ்சியை அரைத்து வடிகட்டலாம். உணவின் பதத்துக்கு 0 முதல் 7 வரை எட்டு நிலைகள் கொண்ட சர்வதேச அளவுகோல் இருக்கிறது. உங்கள் வீட்டு நோயாளிக்கு எந்த நிலை சரி என்பதை ஸ்பீச் தெரபிஸ்ட்தான் சொல்ல வேண்டும். கூழ் ஆறினால் இறுகும் என்பதால், கொடுக்கும் நேரத்துப் பதமே கணக்கு.

மறுப்பது பிடிவாதமா?

எப்போதும் அப்படியில்லை. கெட்டியாக்கிய தண்ணீர் தாகத்தைத் தணிப்பதில்லை என்று பலர் சொல்வதுண்டு. எல்லாவற்றையும் ஒன்றாக அரைத்தால் எது குழம்பு, எது கீரை என்றே தெரியாது. பிறர் முன்னால் ஊட்டிவிடப்படுவதில் கூச்சமும் உண்டு.

மருத்துவ உலகிலும் இதில் ஒரே முடிவு இல்லை. மறதி நோய், பார்கின்சன் உள்ள 515 பேரிடம் நடத்தி 2008-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், நீர் உணவுகளைக் கெட்டியாக்கியது நிமோனியாவைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை. நீர்ச்சத்துக் குறைபாடோ கெட்டியாகக் குடித்தவர்களில் 6 சதவிகிதம். தாடையைத் தாழ்த்திச் சாதாரணமாகக் குடித்தவர்களில் 2 சதவிகிதம். இதை வைத்து நீங்களே பதத்தை மாற்றிவிடக் கூடாது. ஆனால், ‘வேறு வழி உண்டா?’ என்று மருத்துவரிடம் தாராளமாகக் கேட்கலாம்.

முடிவெடுக்கும் திறனுள்ள வயதுவந்தவர் சிகிச்சையை மறுக்கலாம் என்பதை 2018-ல் காமன் காஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. ஆபத்து அவருக்குப் புரிந்திருக்கிறதா என்பதே முதல் கேள்வி. புரிந்தும் மறுத்தால் வாயைத் திறந்து திணிப்பது தீர்வல்ல. அதுவே புரையேற வைக்கும். மறதி நோயால் முடிவெடுக்க முடியாதவர் என்றால், அவர் என்ன விரும்பியிருப்பார் என்று யோசித்துக் குடும்பமும் மருத்துவரும் சேர்ந்து பேச வேண்டும்.

மறுத்த பிறகும் செய்ய வேண்டியவை

* ஏன் வேண்டாம் என்று கேளுங்கள். ருசிதான் காரணம் என்றால், ஒவ்வொன்றையும் தனித்தனியாக மசித்து வையுங்கள்.
* நிமிர்ந்து உட்காரவைத்து, சின்னச் சின்ன வாயாகக் கொடுங்கள். சாப்பிட்டதும் அரை மணி நேரம் படுக்கவிடாதீர்கள்.
* சாப்பிடும்போது டி.வி-யும் பேச்சும் வேண்டாம்.
* பல், நாக்கு, செயற்கைப் பல்லைத் தினமும் சுத்தம் செய்யுங்கள். பிறர் ஊட்ட வேண்டிய நிலை, பிறர் வாய் சுத்தம் செய்ய வேண்டிய நிலை, சொத்தைப் பல் ஆகியவை நிமோனியாவோடு நெருங்கிய தொடர்புடையவை என்று 1998-லேயே ஓர் ஆய்வு காட்டியது.
* சாப்பிடும்போது இருமல், சாப்பிட்டபின் ‘களகள’வென்ற ஈரக் குரல், காய்ச்சல், மூச்சிரைப்பு, எடை குறைவு தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சிலருக்கு இருமலே வராமலும் உள்ளே போகும்.

மலையிலிருந்து திருவண்ணாமலைக்கோ வேலூருக்கோ அடிக்கடி இறங்கி வருவது எளிதல்ல. 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வலி நிவாரண, ஆதரவு சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. அந்தப் பணியாளர்களிடம், ‘சாப்பிட மறுக்கிறார்’ என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். வீட்டில் சொல்லாமல் ரகசியமாகச் சோறு ஊட்டுவதைவிட, மருத்துவருக்குத் தெரிந்து ஊட்டுவது எவ்வளவோ பாதுகாப்பானது.