மதுரைக்காரர் போனில் எதற்குக் கொல்கத்தா நேரம்?

காளவாசல் சிக்னலில் நிற்கும்போது வேண்டாம், வண்டியை ஓரங்கட்டிய பிறகு போனை எடுங்கள். செட்டிங்ஸில் தேதி, நேரம் பகுதிக்குப் போனால் பல போன்களில் 'கொல்கத்தா' என்று போட்டிருக்கும். மதுரை இல்லை, சென்னை இல்லை, தலைநகர் டெல்லிகூட இல்லை!

உலகத்தில் உள்ள பெரும்பாலான போன்களும் கம்ப்யூட்டர்களும் நேரத்துக்கு நம்பியிருப்பது 'டி.இசட் டேட்டாபேஸ்' என்ற ஒரே தொகுப்பை. ஆர்தர் டேவிட் ஓல்சன் என்ற அமெரிக்கர் 1980-களில் தொடங்கியது. இப்போது பால் எக்கெர்ட் ஒருங்கிணைக்க, தன்னார்வலர்கள் தகவல் தருகிறார்கள். நாடுகளின் பெயரும் எல்லையும் மாறும், ஊர் இடம் மாறாது. அதனால் ஒரே நேரத்தைப் பின்பற்றும் பகுதிக்கு அங்குள்ள பெரிய நகரத்தின் பெயரையே வைக்கிறார்கள். அப்படித்தான் இந்தியா மொத்தமும் 'ஆசியா/கொல்கத்தா' ஆனது. 2008 வரை அது 'ஆசியா/கல்கத்தா'. பழைய பெயரைக் கொடுத்தாலும் இன்றும் வேலை செய்யும்.

'ஐ.எஸ்.டி' என்று சுருக்கமாக வைத்தால் போதாதா? அதே மூன்றெழுத்தை இஸ்ரேலும் அயர்லாந்தும் தங்கள் நேரத்துக்கு வைத்திருக்கின்றன. கம்ப்யூட்டர் குழம்பிவிடும்.

அந்தத் தொகுப்பு உண்மையில் சாதாரண எழுத்துக் கோப்புதான். 'இந்தத் தேதி வரை கிரீன்விச்சைவிட இவ்வளவு நேரம் முன்னால்' என்று வரிவரியாக இருக்கும். இந்தியாவுக்கான வரிகளில் ஒன்று நம்ம ஊர்க்காரர்களுக்குப் பெருமை. 5 மணி 21 நிமிடம் 10 நொடி. அதுதான் மெட்ராஸ் டைம்! 1802-ல் மெட்ராஸ் வானாய்வகத்தில் ஜான் கோல்டிங்ஹாம் போட்ட கணக்கிலிருந்து தொடங்கிய நேரம், பிறகு ரயில்வேக்கும் பொது நேரமானது. 1906 ஜனவரி 1 முதல் 5:30.

இந்த 5:30, மிர்சாபூர் பக்கம் செல்லும் 82.5 டிகிரி தீர்க்கரேகையின் நேரம். மதுரை இருப்பதோ சுமார் 78.1 டிகிரியில். ஒரு டிகிரிக்கு 4 நிமிடம் என்று கணக்குப் போட்டால், மதுரையில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரத்தில் சராசரியாக 12 மணி 17 நிமிடம் ஆகியிருக்கும். 'காள'வாசலில் ஒரு எழுத்தை மாற்றினால் 'கால'வாசல். செங்கல் சூளையைக் குறிக்கும் பெயருக்கும் காலத்துக்கும் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் சொல்லத் தோன்றுகிறது.

ஜாதகத்தில் புகும் ஒரு மணி நேரம்

இதெல்லாம் கம்ப்யூட்டர்காரர்கள் சமாசாரம் என்று விட முடியாது. இரண்டாம் உலகப்போரின்போது, 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை இந்தியக் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னால் ஓடின. அந்த நாட்களில் கடிகாரம் பார்த்துப் பிறந்த நேரம் குறித்த தாத்தா பாட்டிகளுக்கு, எப்போதுமே 5:30 என்று வைத்துக்கொள்ளும் ஜாதக ஆப், தவறான லக்னத்தைக் காட்டலாம். லக்னம் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறுவது. உதயத்திலிருந்து நாழிகை கணக்கில் எழுதிய ஓலை ஜாதகத்துக்கு இந்த வம்பே இல்லை.

தாத்தா பாட்டி ஜாதகத்தை இப்போது யார் பார்க்கப்போகிறார்கள் என்பீர்கள். இலங்கைக்கு வாருங்கள். அங்கே சிக்கலில் இருப்பது இப்போது கல்யாண வயதில் இருப்பவர்கள்.

1996-ல் கடும் மின்தட்டுப்பாடு. பகல் வெளிச்சத்தை மிச்சம்பிடிக்க, மே 25 அன்று இலங்கை அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி 6:30 ஆக்கியது. அதே ஆண்டு அக்டோபர் 26 அன்று அரை மணி குறைத்து 6:00. 2006 ஏப்ரல் 15 அன்று, சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, மறுபடியும் பழைய 5:30. கொழும்பிலேயே வாழ்ந்த அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் போன்றவர்கள் இந்தக் கடைசி மாற்றத்தை எதிர்த்தும் நடக்கவில்லை.

ஆனால், விடுதலைப் புலிகள் 1996 மாற்றத்தை ஏற்கவே இல்லை. அவர்களின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் கடிகாரம் 5:30-லேயே நின்றது. சுமார் பத்து ஆண்டுகள், ஒரே தீவில் இரண்டு நேரம்! சோதனைச்சாவடியைத் தாண்டினால் அரை மணி நேரம் மாறும்.

கம்ப்யூட்டரின் தொகுப்பில் இதற்கு இடமில்லை. இலங்கைக்கு 'ஆசியா/கொழும்பு' என்ற ஒரே பெயர்தான். 2001-ல் கிளிநொச்சியில் ஒரு குழந்தை, வீட்டுக் கடிகாரத்தில் காலை 7 மணிக்குப் பிறந்ததாக வைத்துக்கொள்வோம். ஆப் அதைக் கொழும்பின் 7 மணி என்று எடுத்துக்கொள்ளும். அதாவது, உண்மையில் பிறந்ததற்கு அரை மணி நேரம் முன்னால். லக்னத்தின் எல்லையில் பிறந்திருந்தால் கட்டமே மாறிவிடும். மதுரையைச் சுற்றி ஆனையூர், திருவாதவூர், உச்சப்பட்டி முகாம்களில் இலங்கைத் தமிழர் குடும்பங்கள் இருக்கின்றன. கனடா, லண்டன் சம்பந்தங்களும் வருகின்றன. ஜாதகம் பொருந்தவில்லை என்று ஒரு வரனைத் தள்ளுவதற்கு முன், 'எந்தக் கடிகாரம் பார்த்து நேரம் குறித்தீர்கள்?' என்று பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம். அந்த விவரம் எந்த ஆப்பிலும் கிடைக்காது.

தொகுப்பை வைத்திருப்பவர்களே 1970-க்கு முந்தைய தகவல்களை முழுதாக நம்ப வேண்டாம் என்றுதான் சொல்கிறார்கள். நம்பிக்கொண்டிருப்பது ஆப் செய்பவர்கள்.

5 மணி 29 நிமிடம் 60 நொடி

அரசாங்கங்கள் போதாதென்று பூமியும் தன் பங்குக்குக் குழப்புகிறது. அது சுற்றும் வேகம் அணுக்கடிகாரம்போலச் சீரானது இல்லை. அதைச் சரிக்கட்ட 1972 முதல் 27 முறை ஒரு நொடி கூடுதலாகச் சேர்த்திருக்கிறார்கள். பெயர் லீப் நொடி. கடைசியாக வந்தது, நம்ம நேரப்படி 2017 ஜனவரி 1 காலை ஐந்தரைக்குச் சற்று முன்பு. மார்கழிக் கோலம் போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு 5:29:59-க்கும் 5:30-க்கும் நடுவே 5:29:60 என்று ஒரு நொடி இலவசம். டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் அதை இந்திய நேரத்தில் சேர்த்தது.

ஒரு நாளுக்கு 86,400 நொடிதான் என்று பழகிய கம்ப்யூட்டருக்கு 60-வது நொடி என்பது புரியாத புதிர். 2012-ல் இந்த ஒரு நொடியால் ரெட்டிட் தளம் முடங்கியது. ஆஸ்திரேலியாவின் குவான்டாஸ் விமானங்கள், செக்-இன் கணினி படுத்துவிட்டதால் தாமதமாகின. கூகுள் வேறு வழி வைத்திருக்கிறது. அந்த ஒரு நொடியை நாள் முழுக்கத் துளித்துளியாகக் கரைத்துவிடும்.

பெரும்பாலானவர்களுக்கு அலுத்துவிட்டது. 2035-க்குள் லீப் நொடி முறைக்கு விடைகொடுக்கும் வகையில் விதியை மாற்ற, 2022 நவம்பரில் பாரிஸ் அருகே கூடிய எடை, அளவுகளுக்கான உலக மாநாடு முடிவெடுத்திருக்கிறது. அதுவரை சாப்ட்வேர் எழுதுபவர்கள் 60-வது நொடிக்கும் தயாராகத்தான் இருக்க வேண்டும்.