கடன்சொற்கள் காத்த வரலாறு: பின்னிய மொழியின் கதை

பின்லாந்தின் அண்டை நாடுகளான ஸ்வீடன், நார்வே, ரஷ்யா ஆகியவற்றின் ஆட்சிமொழிகள் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சேர்ந்தவையாக இருக்க, ஏறத்தாழ 50 லட்சம் பேரின் தாய்மொழியான பின்னிய மொழி, யூராலியம் எனப்படும் வேறொரு குடும்பத்தில் பிறந்தது. எஸ்டோனிய மொழி அதற்கு நெருங்கிய உறவு. ஹங்கேரிய மொழி தூரத்து உறவு. இக்குடும்பத்தின் மூலமொழி வோல்கா ஆற்றங்கரையில் வழங்கியதா, யூரல் மலைகளுக்குக் கிழக்கே சைபீரியாவில் வழங்கியதா என்பதில் அறிஞர்கள் இன்னும் உடன்படவில்லை. எனினும் அதன் ஒரு கிளை மேற்கு நோக்கி நகர்ந்து பால்டிக் கடற்கரையை அடைந்து, பின்னர் பின்லாந்து வளைகுடாவைக் கடந்து பின்லாந்தில் பரவியது என்பது பெரும்பாலோர் ஏற்கும் கருத்தாகும்.

எழுத்துச் சான்றுகள் இல்லாத அந்த நெடுங்காலத்துக்குக் கடன்சொற்களே ஆவணங்கள். நூறு என்னும் எண்ணைக் குறிக்கும் 'ஸதா', சுத்தியலைக் குறிக்கும் 'வஸரா' ஆகியவை, யூராலியரின் முன்னோர் இந்தோ-ஈரானிய மொழி பேசியவர்களுடன் பழகிய தொன்மைக் காலத்தில் வந்து சேர்ந்தவை. சமஸ்கிருதத்தின் சதமும் வஜ்ரமும் இவற்றுக்கு உறவுச் சொற்கள். பல், மகள் ஆகியவற்றைக் குறிக்கும் சொற்கள் பால்டிக் மொழிகளிலிருந்து வந்தவை. உடலுறுப்பின் பெயரும் உறவின் பெயரும் சந்தை வணிகத்தால் மட்டும் கைமாறக்கூடியவை அல்ல என்பதால், இரு மக்களும் ஒரே ஊரில் கலந்து வாழ்ந்து மணவுறவு கொண்டிருக்க வேண்டும் எனக் கருதுவதே பொருத்தம். இவை எல்லாவற்றிலும் வியப்புக்குரியது அரசனைக் குறிக்கும் 'குனிங்கஸ்'. பழைய ஜெர்மானிய மொழியில் இச்சொல்லுக்கு இருந்த இறுதியசை ஜெர்மன், ஆங்கிலம், ஸ்வீடியம் ஆகிய அதன் சொந்த வழித்தோன்றல்களில் தேய்ந்து மறைந்துவிட, கடன் வாங்கிய மொழியோ அதை இன்றளவும் காத்து வருகிறது.

சொற்களை இவ்வளவு தாராளமாக ஏற்றபோதும் இம்மொழி தன் இலக்கண அமைப்பை விட்டுவிடவில்லை. வீட்டைக் குறிக்கும் 'தலோ' என்னும் சொல்லுடன் பன்மைக்குரிய 'இ', இடப்பொருள் தரும் 'ஸ்ஸா', உடைமை காட்டும் 'நி' ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி 'தலோஇஸ்ஸாநி', அதாவது 'என் வீடுகளில்' என்றாகிறது. இத்தகைய ஒட்டுநிலை அமைப்பு தமிழில் இருப்பதையும் ஒரு சான்றாகக் கொண்டு, 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல், பின்னிய மொழி இடம்பெற்ற ஒரு பெருந்தொகுதியோடு திராவிட மொழிகளை இணைத்துக் காட்ட முயன்றார். அமைப்பு ஒற்றுமை மட்டும் குடும்ப உறவுக்குச் சான்றாகாது என்பதால், அந்தக் கருத்தை இன்றைய மொழியியலாளர் பெரும்பாலும் ஏற்பதில்லை.

பின்லாந்து ஸ்வீடனின் ஆட்சியில் இருந்து, நிர்வாகம் ஸ்வீடியத்திலும் திருச்சபைக் கல்வி லத்தீனிலும் நடந்த காலத்தில், ஜெர்மனியின் விட்டன்பர்க்கில் சமயச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தரிடம் பயின்று திரும்பிய மிக்காயல் அக்ரிகோலா 1543 அளவில் ஓர் அரிச்சுவடியையும், 1548இல் புதிய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பையும் வெளியிட்டார். அச்சுக்கு வந்தபின்னும் அடுத்த மூன்று நூற்றாண்டுகள் பின்னிய மொழி பெரும்பாலும் சமய நூல்களுக்குள்ளேயே அடங்கிக் கிடந்தது. 1809இல் நாடு ரஷ்யப் பேரரசின் கீழ் வந்ததும் நிலை மாறத் தொடங்கியது. மருத்துவரான எலியாஸ் லோன்ரோத் கரேலியா முதலிய பகுதிகளில் நடந்து திரிந்து, பாடகர்களிடம் திரட்டிய வாய்மொழிப் பாடல்களைத் தொகுத்து 1835இல் 'கலேவலா' காவியத்தை வெளியிட்டார். அதன் விரிந்த வடிவம் 1849இல் வந்தது. இலங்கைத் தமிழரான உதயணன் (ஆர். சிவலிங்கம்) மூலமொழியிலிருந்தே தமிழாக்கிய பெருமையும் இக்காவியத்துக்கு உண்டு. அறிவுத்துறைகளுக்கு வேண்டிய புதுச்சொற்களும் அந்நூற்றாண்டில் பெருமளவில் ஆக்கப்பட்டன. 1863இல் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தர் பிறப்பித்த ஆணை, இருபது ஆண்டுகளுக்குள் பின்னிய மொழி அலுவலகங்களில் ஸ்வீடியத்துக்கு நிகரான இடம் பெற வழிவகுத்தது.

மேற்கு வட்டார வழக்கை அடித்தளமாகக் கொண்டிருந்த எழுத்துமொழியில் கிழக்கு வழக்கின் சொற்களும் இக்காலத்தில் சேர்ந்ததால், எவரது வீட்டுப் பேச்சோடும் முழுதும் ஒத்துப்போகாத ஒரு பொதுமொழி உருவாயிற்று. தமிழைப் போலவே பின்லாந்திலும் எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் வேறுபட்டே நிற்கின்றன. தன்மை ஒருமையை ஏட்டில் 'மினா' என எழுதுவோர், ஹெல்சிங்கியின் தெருவில் அதை 'மா' எனச் சுருக்கியே பேசுகின்றனர்.