அழ வேண்டிய இடத்தில் சிரிப்பு!

காட்டுக்குள் இரண்டு இளம்பெண்களைக் கொலைகாரர்கள் சித்திரவதை செய்கிறார்கள். குற்றவாளிகளைப் பிடிக்கப் புறப்பட்ட போலீஸ்காரர்கள் இருவர் என்ன செய்கிறார்கள்?

காரில் பெட்ரோல் தீர்ந்து நடுரோட்டில் நிற்கிறார்கள்! பிறகு, கோழிகளை ஏற்றி வரும் லாரியின் கூரை மேல் ஏறிப் படாதபாடு படுகிறார்கள்!

இப்படி ஒரு அமெரிக்கப் படம் 1972-ம் ஆண்டு வெளிவந்தது. பெயர், "தி லாஸ்ட் ஹவுஸ் ஆன் தி லெப்ட்". "இடது பக்கத்துக் கடைசி வீடு" என்று பொருள். டைரக்ட் செய்தவர் வெஸ் கிராவன். கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர்.

பெற்றோரின் பழி

மேரிக்கு 17-வது பிறந்த நாள். தோழியுடன் பாட்டுக் கச்சேரிக்குப் புறப்படுகிறாள். சிறையிலிருந்து தப்பிய கிரக் என்பவனின் கும்பலிடம் இருவரும் சிக்குகிறார்கள். இருவரும் கொல்லப்படுகிறார்கள்.

அன்று இரவு கொலைகாரர்கள் ஒரு வீட்டில் தங்க இடம் கேட்கிறார்கள். அது மேரியின் வீடு! மகளின் கழுத்துச் சங்கிலியைத் தாய் பார்த்துவிடுகிறாள். பெற்றோர் பழிவாங்குகிறார்கள். தந்தை ஒரு டாக்டர். உயிர் காத்த அந்தக் கை, மரம் அறுக்கும் இயந்திர ரம்பத்தை எடுக்கிறது.

கல் நெஞ்சும் கலங்கும் கதை. ஆனால், கொடுமைக் காட்சிகளுக்கு நடுவே கோமாளிப் போலீசும் குதூகல இசையும் வந்து புகுந்துவிடுகின்றன.

சிரிப்பே இல்லாத படம்

இந்தக் கதைக்கு மூலம், சுவீடன் நாட்டு டைரக்டர் இங்மார் பெர்க்மன் 1960-ல் எடுத்த "தி வர்ஜின் ஸ்பிரிங்". அதிலும் மகளைக் கொன்றவர்கள் அவள் வீட்டுக்கே வருகிறார்கள். தந்தை அவர்களைக் கொல்கிறார். கூட வந்த சிறுவனையும் விடவில்லை. பிறகு, தம் கைகளைப் பார்த்துக் கலங்குகிறார். அங்கே கோமாளி யாரும் குறுக்கே வருவதில்லை. அந்தத் தந்தையின் துக்கம் நம்மையும் பிடித்துக்கொள்கிறது. அந்தப் படத்துக்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தது.

எங்கே தவறு?

பெட்ரோல் தீர்ந்தது தவறல்ல. "ஐயோ, நேரம் போகிறதே!" என்று ரசிகர்களைத் துடிக்க வைத்திருக்கலாம். கிராவன் சிரிக்க வைத்தார். சிரித்த மனம் அடுத்த நிமிடமே அழுமா?

படங்களில் தமாஷ் கூடாது என்பதில்லை. இதே கிராவன் 1996-ல் எடுத்த "ஸ்கிரீம்" படத்தில் பயமும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. படம் பெரும் வெற்றி! அங்கே கதையில் வரும் இளைஞர்களே திகில் படங்களைக் கேலி செய்கிறார்கள். அந்தக் கேலியே கதையை நகர்த்துகிறது.

"கடைசி வீடு" 2009-ல் மீண்டும் படமாக வந்தது. கோழி லாரிப் போலீசார் அதில் இல்லை!